அமிதாயுஸ் சிலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நேபாளத்தின் லலித்பூரில் உள்ள சிலை வார்ப்புப் பட்டறைகளுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, அப்பாவுக்கு எண்பது நிறைகிறது. ஆயுள் வேண்டி வைக்கும் புத்தர் எது? கடையில் அமிதாபர், அமிதாயுஸ் என்று இரண்டு காட்டுகிறார்கள்.

கையைப் பாருங்கள். துறவியின் சீவர ஆடையும் மடியில் பிச்சைப் பாத்திரமும் இருந்தால் அமிதாபர். மகுடம், ஆபரணம், தியானக் கைகளில் அமுதக் கலசம் என்றால் அமிதாயுஸ். பெயருக்கே அளவற்ற ஆயுள் என்று பொருள். உங்களுக்கு வேண்டியவர் இவர்தான். சீனப் பேரரசர் சியன்லுங்கின் தாயாருக்கு 1771இல் எண்பது. அந்த நாட்களில் அரண்மனையில் அமிதாயுஸைத்தான் ஆயிரக்கணக்கில் செய்வித்தார்கள்.

வெள்ளைத் தாரா வைக்கலாமா?

தாராளமாக. அவளும் ஆயுள் தரும் பௌத்தத் தேவி. நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் கண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழக்கமான இரண்டோடு சேர்த்து மொத்தம் ஏழு கண்.

தட்டினால் உள்ளே வெற்றிடம் தெரிகிறது. சுவாமிமலைச் சிலை கனமாக இருக்குமே, ஏமாந்துவிட்டேனா?

இல்லை. இரண்டு ஊரிலும் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, உலோகம் ஊற்றுவதுதான் முறை. சுவாமிமலையில் உள்ளே உலோகம் நிறைந்த கட்டிவார்ப்பு, லலித்பூரில் பெரும்பாலும் செம்பில் உள்ளே வெற்றிடம் விட்ட பொள்ளல்வார்ப்பு. அந்த வெற்றிடம் வேண்டுமென்றே விடுவது. நடுவில் ஒரு மரத்தண்டு நிறுத்தி, மந்திரம் எழுதிய தாள்களைச் சுருட்டி, வாசனைப் பொருள்களோடு இறுக நிரப்புவார்கள். பிறகு இரட்டை வஜ்ராயுதம் பொறித்த செப்புத் தகட்டால் அடியை மூடிப் பிரதிஷ்டை செய்வார்கள். திபெத்திய மரபில் அதற்குப் பிறகுதான் அது வழிபாட்டுக்குரியது. உங்களுடையது காலியாக இருந்தால் அருகிலுள்ள திபெத்திய மடத்தில் லாமாவிடம் கேளுங்கள். கர்நாடகத்தின் பைலகுப்பேயில் பெரிய மடங்கள் உண்டு. மூடிய சிலை என்றால் ஆர்வத்தில் தகட்டைப் பெயர்த்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை புளி போட்டுத் துலக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்! இந்தச் சிலைகளின் மேல் பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கி வேலை செய்தவர்களின் உழைப்பு அது. முகத்திலோ பொன்பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டியிருப்பார்கள். ஈரத்துணி பட்டாலே போய்விடும். ஒரு வீட்டில் இப்படித் துலக்கிக் கண்ணும் உதடும் அழிந்த தாராவைப் பார்த்து மனம் மிகவும் வருந்தினேன். மென்மையான, உலர்ந்த தூரிகை போதும்.

அப்படியானால் அபிஷேகம்?

கண்ணாடியில் சிலையின் பிம்பம் விழச் செய்து, அந்தப் பிம்பத்தின் மேல் நீர் வார்ப்பது திபெத்திய மரபு. சிலை நனையாது.

எங்கே வைப்பது?

உட்கார்ந்தால் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் உயரத்தில். முன்னால் ஏழு கிண்ணத்தில் காலையில் நீர் நிரப்பி, மாலையில் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள்.

நேபாளத்திலிருந்து கொண்டுவரத் தடை உண்டா?

நூறு ஆண்டு கடந்த பொருளுக்கு உண்டு. புதுச் சிலையானாலும் தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ‘பழஞ்சிலை’ என்று ஒருவர் ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது எந்தக் கோயிலிலிருந்தாவது பெயர்த்ததாக இருக்கலாம்.