கேள்வி – பதில்: தீவகத்தில் பழைய தடயம் தேடுவோருக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர், காணி, குடும்ப வரலாறு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

எங்கள் பெற்றோர் 1990இல் புங்குடுதீவை விட்டு வெளியேறியவர்கள். அம்மம்மாவின் காணி உறுதி ஒன்றின் மங்கிய பிரதி மட்டுமே கையில் இருக்கிறது. ஊர் வரலாறு தேட இது போதுமா?
*– வாசகி, ரொறன்ரோ*

தாராளமாகப் போதும். தீவகத்து வரலாறு என்றதும் பலர் அரசர் கதையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உறுதியில் தொடங்குகிறவர்களே தூரம் போகிறார்கள்.

உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகிய நான்கையும் முதலில் தனியே எழுதிக்கொள்ளுங்கள். நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் மூலம் சொந்தக்காரரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் நிற்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். வீட்டில் இருந்தது எரிந்தோ கறையான் அரித்தோ போயிருந்தாலும், முதல் மூன்று விபரங்களைக் கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உறுதியில் பதிவு முத்திரை இருந்தால் அதிலுள்ள தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் அதே காணியின் முந்திய கைமாற்றங்களும் இருக்கும். பக்கம் நிரம்பியிருந்தால் எந்தத் தொகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். அதைப் பிடித்துப் பின்னால் போகலாம்.

அடுத்தது நான்கு எல்லைகள். கிழக்கில் இன்னாரின் காணி, வடக்கில் ஒழுங்கை, மேற்கில் கோயிற் காணி என்று வரும். அன்றைய அயலவர் பட்டியல் அதுதான். ஒரே குறிச்சியின் ஐந்தாறு உறுதிகளை அருகருகே வைத்து எல்லைகளைப் பொருத்தினால் அக்காலக் குடியிருப்பை ஒரு தாளில் வரைந்துவிடலாம். கவனம்: ஒரே காணிப் பெயர் பல துண்டுகளுக்கு இருக்கும். எல்லை பொருந்தாமல் பெயரை மட்டும் நம்பினால் வேறு குடும்பத்தின் காணிக்குள் போய்விடுவீர்கள்.

பலர் தடுக்கி விழுவது ஆண்வழிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதில். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையின்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) மகளுக்குச் சீதனமாகக் காணி போகிறது. ஆகவே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியில் இறங்கியவை. அப்பப்பாவின் பெயரைத் தேடிக் களைக்காமல், அம்மம்மா, அவருடைய அம்மா என்று சீதன உறுதிகளைத் தேடுங்கள். ஒரு சீதன உறுதியிலேயே பெற்றோர், மகள், மருமகன் மூவரின் பக்கமும் வந்துவிடும். முன்னே நிற்கும் பெயர் தகப்பனுடையது என்பதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ‘வேலுப்பிள்ளை கந்தையா’வில் தேட வேண்டிய ஆள் கந்தையா.

இன்னொன்று: இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு வீடுகளில் அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு, நினைவு மலர். பூட்டன் வரை வம்ச வரிசை அதில் இருக்கும். பிறந்த ஊர், மணம் செய்த ஊர், திகதிகள் எல்லாம் நம்பலாம். புகழுரையைக் கழித்துக்கொள்ளுங்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இவற்றையும், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்களையும் இலவசமாகப் படிக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த பின், இந்தச் சின்ன மலர்களின் மதிப்பு பல மடங்கு கூடிவிட்டது.

உறுதியில் ‘3 பரப்பு 9 குழி’ என்று இருக்கிறது. ஏக்கரில் எவ்வளவு?
*– வாசகர், ஊர்காவற்றுறை*

வரகுக் கணக்கா (மேட்டுக்காணிக்கு) நெல்லுக் கணக்கா (வயலுக்கு) என்று பாருங்கள். ஆங்கில உறுதிகளில் வி.சி., பி.சி. என்று சுருக்கியிருப்பார்கள். வரகுக் கணக்கில் ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல்லுக் கணக்கில் ஒரு பரப்பு 12 குழிதான், 24 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே உங்களுடையது மேட்டுக்காணி என்றால் 35 பேர்ச், அதாவது ஏக்கரில் 0.22 அளவு. வயல் என்றால் 25 பேர்ச்தான். பிரதி எடுக்கும்போது இந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு, பின்னால் வழக்குக்குப் போகிற குடும்பங்கள் உண்டு.

ஏட்டில் ‘விகாரி வருஷம் மாசி மாதம்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஆண்டு?
*– மாணவி, வேலணை*

அறுபது ஆண்டுச் சுற்றில் முதல் ஆண்டான பிரபவ 1987 சித்திரையில் பிறந்தது. விகாரி 33ஆவது. 1987உடன் 32ஐக் கூட்டினால் 2019. அறுபது அறுபதாகக் கழித்தால் 1959, 1899, 1839, 1779. மாசி என்பதால் ஒன்று கூட்டி 1960, 1900, 1840, 1780 என்று கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆங்கில ஆண்டு தையிலேயே மாறிவிடுகிறது. இவற்றில் எது என்பதை உள்ளே இருக்கும் பணம் சொல்லும். ரூபாவும் சதமும் வந்தால் 1872க்குப் பிந்தியது.

ஒல்லாந்தர் காலத் தோம்புகளில், அதாவது காணிப் பதிவேடுகளில், எங்கள் தீவு இருக்கும் என்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?
*– வாசகர், அனலைதீவு*

பாதி முடியும். இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பதிவுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. அங்கே நேரில்தான் போக வேண்டும். எந்தத் தொகுதி வேண்டும் என்பதை அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொண்டு போகாவிட்டால் முதல் நாள் அதிலேயே முடிந்துவிடும். இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இலவசம். ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கணினி படித்து எழுத்தாக்கியிருப்பதால் சொல் கொடுத்துத் தேடலாம்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹூர்ன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம். இவற்றில் முதல் ஐந்தும் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் கிளைச் சபைகள் இருந்த நகரங்கள். ‘ரொட்டர்டாம்’ என்று தேடினால் கப்பல் கணக்கும் கும்பனிக் கடிதமுமாக ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அனலைதீவு அதற்குள் புதைந்து போகும். தீவுப் பெயரோடு, யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் ‘யாப்னபட்னம்’ என்பதையும் அன்றைய ஒல்லாந்து எழுத்துக்கூட்டல்களில் சேர்த்துத் தேடுங்கள். தமிழ்ப் பெயரையும் ஒலிக்கு ஏற்ப நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். போர்த்துக்கேயர் பதிவுகளில் நெடுந்தீவு ‘பசுத்தீவு’ என்ற பொருளில் வரும்.

பழைய ஒல்லாந்து மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். தோம்பு ஒரு பட்டியல்: பெயர், காணி, மரம், இறை, ஊழியம். அதே இருபது முப்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கடிதங்கள் அப்படியல்ல, அவற்றுக்கு மொழி தெரிந்தவர் வேண்டும்.

நயினாதீவு அம்மன் கோயில் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது?
*– வாசகி, கொழும்பு*

12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில். ஊர்காவற்றுறைக்குப் பரதேசிகள் (பிறநாட்டு வணிகர்) வரவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. பிறகு வருவதுதான் சுவை. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிப மரக்கலம் உடைந்தால் சரிபாதி. தனக்கு வேண்டிய பொருளைக் கொண்டுவருகிறவனுக்கு அரசன் கூடுதலாக விட்டுக்கொடுக்கிறான். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதன் வாசகத்தைப் பதிப்பித்தார். கல்லை நேரில் பார்ப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நெடுந்தீவுக் கோட்டையில் பற்றை வெட்டி, உடைந்த சுவரைச் சீமெந்தால் பூச எங்கள் கழகம் நினைக்கிறது. எப்படிச் செய்வது?
*– வாசகர், நெடுந்தீவு*

சீமெந்தைத் தொடாதீர்கள். அந்தச் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். இரண்டும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுபவை. மேலே சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், கடற்காற்றில் வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சில மழைக்காலங்களுக்குள் கல்லின் முகத்தோடு சேர்த்துப் பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு என்ற பழைய கலவைதான் பொருந்தும். மணல் கடற்கரை மணலாக இருக்கக்கூடாது. அதையும் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியோடு, பழகிய மேசனைக் கொண்டே செய்ய வேண்டும்.

கழகத்தால் செய்யக்கூடியது வேறு. பற்றையை நில மட்டத்தில் வெட்டுங்கள், வேரைப் பிடுங்க வேண்டாம். சுவரில் ஏறிய ஆலங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று, அளவுகோல் தெரியும்படி, வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து படமெடுத்து வையுங்கள். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளிலிருந்து வீடு கட்டக் கல் எடுப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

அல்லைப்பிட்டியில் பிள்ளைகள் பழைய பீங்கான் துண்டுகள் பொறுக்குகிறார்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பலாமா?
*– வாசகி, மண்டைதீவு*

கூடாது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு அனுப்புவது குற்றம், தோண்டுவதும் அப்படித்தான். அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில் கிடைத்தவை சீனாவின் சொங் காலப் பீங்கான்கள். அது பெறுமதியான இடம். துண்டைக் கிடந்த இடத்திலேயே வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பொறுக்கி வீட்டுப் போத்தலுக்குள் போட்ட துண்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வெடியரசன் உண்மையில் இருந்தானா?
*– மாணவர், காரைநகர்*

நெடுந்தீவை ஆண்டதாகக் கதைப்பாடல்கள் சொல்லும் அரசன் வெடியரசன். கதை பழையது, அதைப் பாடியவர்கள் உண்மை. வெடியரசன் கோட்டை என்று காட்டப்படும் கற்குவியல் யாருடையது என்பதை அகழ்ந்துதான் சொல்லலாம். கதையை யார், எந்தக் கோயிலில், எப்போது பாடினார்கள் என்று பதிவு செய்யுங்கள். அதுவே நல்ல ஆய்வு.

ஊரில் எண்பது வயதைத் தாண்டிய சிலரே இருக்கிறார்கள். அவர்களின் பேச்சைக் கைபேசியில் பதியலாமா? என்ன கேட்பது?
*– ஆசிரியர், நயினாதீவு*

கைபேசி போதும். விமான நிலையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வரும். சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் திண்ணையில் பதிந்தால் காற்றும் பனையோலையும்தான் கேட்கும். உள் அறையில், துணியும் பாயும் உள்ள இடத்தில், சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கியோடு பதியுங்கள். சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக வைத்தால் பின்னால் இரைச்சலை நீக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஐயாவோ ஆச்சியோ களைத்துவிடுவார்கள், மற்ற நாள் வாருங்கள்.

‘அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று தொடங்கினால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். தாளைக் கொடுத்துக் கிணறுகளை வரையச் சொல்லுங்கள். எது நன்னீர், எது சவர், யார் எங்கே அள்ளினார்கள், யாரை அள்ள விடவில்லை? தண்ணீர் அரிதான தீவில் இதற்குள் சாதி, உறவு, சண்டை எல்லாம் வந்துவிடும். இவை மனதைப் புண்படுத்தக்கூடியவை, ஆகவே எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்று பேசியவரிடமே ஒப்புதல் வாங்கி அதையும் பதியுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்வைக் கேளுங்கள். 1953 ஹர்த்தாலுக்கு முன்னோ பின்னோ? 1964 மார்கழிப் புயலில் வீட்டுக் கூரை ஓலையா ஓடா? 1990 இடப்பெயர்வில் எதைக் கொண்டு போனீர்கள்? இப்படிக் கேட்டால் திகதி தானாக விழும்.

அன்றிரவே கோப்புக்கு ஊர், பேசியவர், திகதி கொண்ட பெயர் இட்டு, மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். அதில் ஒன்று தீவுக்கு வெளியே இருக்கட்டும்.