கிராணியும் மெட்ரோலாக்கும்: எது நியாயம் என்று கேட்டவர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் நன்னெறிக் கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அன்றாட வாழ்க்கையில் எது சரி, எது தப்பு என்று குழப்பமாக இருந்தால் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாற்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் கிடையாது. நிலப் பட்டா, ஜாதகம், மருமகள் மேல் புகார் இந்த மூன்றும் என் துறை இல்லை.

மில், கான்ட், அரிஸ்டாட்டில், இந்தத் தத்துவக்காரர்கள் மூவருக்கும் என்ன வித்தியாசம் சார்? ஒருமுறை புரியும்படி சொல்லுங்கள். – லோரி ஓட்டுகிறவர்

ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகைக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன்.

என் அப்பா பால்மரம் சீவியவர். பால் எடுத்து முடித்ததும் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், மெட்ரோலாக்கைப் பாலுக்குள் விடுவார். குழாய் மாதிரி ஒரு மிதவை அது, கழுத்தில் கோடு போட்டிருக்கும். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு. அதனால் கெட்டிப் பாலில் மிதவை ஆழமாக அமிழும். பால் கூடுதலாகத் தெரியத் தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நிற்கும். ஒரு நாள் அப்பாவுக்கு முன்னால் நின்றவருடைய வாளியில் மிதவை எழும்பியது. அவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை என்பது வரிசைக்கே தெரியும். கிராணி கோட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், நோட்டில் எதையோ எழுதினார்.

இந்த ஒரு குவளைத் தண்ணீரை மூன்று பேரிடமும் காட்டுவோம்.

பெந்தாம் (அவர் நூல் வந்தது 1789ல்), அவருக்குப் பின்னால் மில் (1861), இருவரும் விளைவைக் கேட்பவர்கள். இதனால் யாருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு துன்பம்? பிள்ளைக்கு மருந்து கிடைக்கும், கம்பெனிக்குச் சில காசு நஷ்டம். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது போலத் தெரிகிறதல்லவா? முடியவில்லை. நாளையிலிருந்து கிராணி எல்லார் வாளியையும் சந்தேகத்தோடு பார்ப்பார். அதையும் கூட்டித்தான் ஆகவேண்டும்.

கான்ட் (1785) கேட்பது வேறு. நீ இப்போது பின்பற்றும் விதியை எல்லோரும் பின்பற்றினால் என்ன ஆகும்? வரிசையில் நிற்கும் நாற்பது பேரும் ஆளுக்கொரு குவளை ஊற்றினால் அளவைக்கே அர்த்தம் போய்விடும். மற்றவன் ஊற்றாமல் இருப்பதால்தான் உன் குவளைக்கு விலை. கான்ட்டுக்கு உறுத்துவது அந்த இடம்.

அரிஸ்டாட்டில் இவர்களுக்கு இரண்டாயிரம் வருஷம் மூத்தவர். குவளையைவிட அதைப் பிடித்த கையைத்தான் பார்ப்பார். இன்று ஊற்றிய கை நாளைக்கு என்ன செய்யப் பழகும்? கிராணியையும் விடமாட்டார். ஈவிரக்கமில்லாமல் எழுதுவதற்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் நடுவில் இந்த ஆளிடம், இந்த நாளில் எது பொருந்தும் என்று தெரிந்த மனிதரா அவர்?

ஒரே ஒரு எச்சரிக்கை. முடிவை எடுத்துவிட்டு, அப்புறம் போய் தத்துவத்தை வக்கீலாக அமர்த்தாதீர்கள்.

நிறுத்த முடியாமல் ஓடும் ரயில். ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர். தண்டவாளத்தை மாற்றும் நெம்புகோல் உங்கள் கையில். என்ன செய்வீர்கள்?

நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பதில். இந்தக் கதையின் முதல் வடிவத்தை 1967ல் கட்டியவர் ஃபிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியை. ஒருவரைக் கொல்வதற்கும் சாகவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்க அது ஒரு கருவி. நம் ஊர் ஸ்டேஷனில் நாற்பது வருஷமாக ரயில் ஏறுகிறேன், நெம்புகோல் இழுக்க வா என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. உங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றிக் கேள்வி கேளுங்கள்.

நான் கூட்டு (சீட்டு) நடத்துகிறேன். 12 பேர், மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்). மூன்றாம் மாதக் கூட்டை எடுத்த ஆள் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான், போன் எடுப்பதில்லை. மீதி மாதங்களுக்கு அவன் பங்கை நான் கட்டவேண்டுமா? தப்பு என்னுடையது இல்லையே. – டவுனில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா

அக்கா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குக் கும்பிடு.

கடனைத் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுப்பது, கான்ட் தன் புத்தகத்தில் எடுத்துக்கொண்ட உதாரணமே அதுதான். எல்லோரும் அப்படிச் செய்தால் வாக்குறுதி என்ற ஒன்றே இருக்காது, யாரும் யாரையும் நம்பமாட்டார்கள் என்பார். கூட்டைவிட இதற்கு நல்ல விளக்கம் ஐரோப்பாவில் அவருக்குக் கிடைத்திருக்காது. எடுத்தவன் எல்லாம் ஓடினால் நான்காவது மாதம் கூட்டே கிடையாது. அவன் 600 கட்டி 2,400 எடுத்தான், 1,800 பாக்கி. அவன் செய்தது தப்பு என்பதில் மூன்று தத்துவக்காரர்களும் ஒரே கட்சி. அது சுலபமான பாதி.

இனி உங்கள் பாதி. முதல் மாதக் கூட்டை எடுத்தது யார்? வழக்கப்படி நீங்கள்தானே? குலுக்கலும் இல்லை, காத்திருப்பும் இல்லை, வட்டியும் இல்லை. அந்தச் சலுகையை மற்ற 11 பேரும் எதற்காகக் கொடுத்தார்கள்? வீடு வீடாகப் போய் வசூலிக்கும் அலைச்சலுக்கு என்பீர்கள். அலைச்சல் ஒரு பங்கு. யாராவது ஓடினால் இவர் நிற்பார் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான். தப்பு உங்களுடையது இல்லை, உண்மை. பொறுப்பு உங்களுடையது. தப்பும் பொறுப்பும் ஒன்றில்லை. ஆகவே கட்டத்தான் வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால், மறைக்காமல் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தவணை கேளுங்கள்.

(கூட்டு நடத்துவதைத் தொழிலாக வைத்துக்கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நியாயமான பாக்கிக்குக்கூட வழக்குப் போடுவது சிக்கல் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) நன்னெறித் தாளுக்கு நன்னெறிப் பண்புகளின் விளக்கம் முழுவதையும் அனுப்ப முடியுமா சார்?

முடியாது தம்பி. உன் ஆசிரியரைக் கேள்.

மூன்று தத்துவத்தில் எது சிறந்தது? ஒரே வரியில்.

சுத்தியலா, ரம்பமா, ஆணியா?

நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி வெளியில் விற்கிறோம். எப்படியும் அழுகப்போவதுதானே. சம்பளமும் போதவில்லை. திருட்டா?

'எப்படியும் அழுகப்போவது' என்பது தத்துவமில்லை, ஒரு தகவல். அதுவும் தப்பான தகவல். உதிர்வதே பழுத்ததற்கு அடையாளம். குலையை எப்போது வெட்டலாம் என்று பார்ப்பதே கீழே எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான். நன்றாகப் பழுத்த அதில்தான் எண்ணெய் அதிகம். உங்களிடம் வாங்குகிறவருக்கு அது தெரியும், அதனால்தான் காசு கொடுக்கிறார். பழம் வாங்கி விற்க உரிமம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். உரிமம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று.

சம்பளம் போதவில்லை என்பது வேறு வழக்கு, அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அந்த வழக்கைப் பழ மூட்டைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். முன்பே சொன்ன வக்கீல் கதைதான் இதுவும்.

அம்மாவுக்கு 74 வயது. கல்லீரலில் புற்றுநோய் என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொன்னார். சொன்னால் இடிந்துபோய்விடுவார், சொல்லவேண்டாம் என்கிறார்கள் அண்ணன்கள் மூவரும். அம்மா தினமும் 'ரிசல்ட் வந்துச்சா' என்று என்னைத்தான் கேட்கிறார். – கடைசி மகள்

மகளே, இதற்கு மெதுவாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

அண்ணன்கள் போடுவது விளைவுக் கணக்கு. தெரியாவிட்டால் நிம்மதியாக இருப்பார் என்று. கணக்கில் விட்டுப்போனதை நான் சேர்க்கிறேன். அம்மாவுக்கு ஏதாவது நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதா? யாருக்கு எந்த நகை என்று மனதில் வைத்திருக்கிறாரா? பேசாமல் இருக்கும் ஓர் உறவிடம் போய்ப் பேச ஆசைப்படுவாரா? காலம் குறைவு என்று தெரியாதவர் இதையெல்லாம் அடுத்த தைப்பூசத்துக்குத் தள்ளிவைப்பார். அப்புறம், சொல்லாமல் இருப்பதால் நிம்மதி யாருக்கு? அம்மா அழுவதைப் பார்க்கத் தாங்காத பிள்ளைகளுக்குத்தான் என்றால், அதை அம்மாவின் பெயரில் வரவு வைக்கக்கூடாது.

கேட்காதவரிடம் சொல்லாமல் இருப்பது ஒன்று, கேட்கிறவரிடம் பொய் சொல்வது இன்னொன்று. உங்கள் அம்மா தினமும் கேட்கிறார்.

ஆனாலும் நாளைக் காலையே போய்ப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. முதலில் இப்படிக் கேளுங்கள்: "ரிசல்ட் வந்தா எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமாம்மா, இல்ல பெரியண்ணன்கிட்ட சொல்லச் சொல்லட்டுமா?" அதற்கு அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வழி. எவ்வளவு தெரிந்துகொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

சார், 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே. அண்ணன்கள் செய்வது சரிதான். – ஒரு தமிழாசிரியை

வரும் என்று எதிர்பார்த்தேன். டீச்சர், அந்தக் குறளில் பாரம் முழுவதையும் சுமப்பது 'புரைதீர்ந்த' என்ற சொல். குற்றமே இல்லாத நன்மை. வெறும் நன்மை என்று அவர் நிறுத்தவில்லை. அண்ணன்கள் வாங்கித்தரும் நிம்மதி குற்றமற்றதா என்றுதான் மேலே கேட்டேன்.

குறளைக் காட்டிப் பொய்க்கு லைசன்ஸ் வாங்குவதே இந்தக் காலத்து வேலையாகிவிட்டது. 'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை' என்றவரும் அவர்தான். தாய் பசித்தாலும் தப்பு தப்புதான். வள்ளுவர் கான்ட் கட்சி. – ஓய்வு பெற்ற கிராணி

ஐயா, மெட்ரோலாக் பிடித்த கை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் வள்ளுவரை நீங்களும் இழுக்காதீர்கள், டீச்சரும் இழுக்கவேண்டாம். 'சான்றோர் பழிக்கும்' என்பதைப் பாருங்கள். அளவுகோல் விதியும் இல்லை, விளைவுக் கணக்கும் இல்லை, சான்றோர். விவேகமுள்ள மனிதன் எப்படித் தீர்மானிப்பானோ அதுவே அளவு என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார். கட்சி சேர்த்தே தீரவேண்டும் என்றால் அந்தப் பக்கம்தான் நான் சேர்ப்பேன்.

டீச்சர்: அப்படியென்றால் வாய்மைக்கு 'தீமை இலாத சொலல்' என்று ஏன் விளக்கம்? அது விளைவுதானே?

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் விளைவு இருக்கிறது.

கிராணி: இன்றைக்கு நல்லதுக்குப் பொய், நாளைக்கு எதற்கு?

1797ல் கான்ட்டிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள், மறுபக்கத்திலிருந்து. கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்? அப்போதும் பொய் கூடாது என்றார் கான்ட். நீ 'இல்லை' என்று பொய் சொல்ல, நண்பன் உனக்குத் தெரியாமல் வெளியே நழுவிப் போயிருக்க, திரும்பிப் போகிற கொலைகாரன் வழியில் அவனைப் பிடித்தால் அந்தப் பழியில் உனக்கும் பங்கு என்பது அவர் வாதம். இங்கேதான் நான் அவரைவிட்டு விலகுகிறேன். ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) ஆட்கள் இரவு பதினொன்றுக்குக் கேட்டை ஆட்டி, பக்கத்து வீட்டுப் பையன் எங்கே என்றால், தெரியாது என்று சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு நன்றாகத்தான் தூங்கினேன்.

கிராணி: அது உண்மையை வெளியே விடாமல் காப்பது. பொய் இல்லை.

ஐயா, இப்போது வக்கீல் வைத்தது யார்?

டீச்சர், கிராணி, சார் மூவரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்கள். எங்கள் கேள்வி எல்லாம் அப்படியே கிடக்கிறது. – பலர்

சரி, சரி. வேகமாக முடிக்கிறேன். கடையில் மீதி 10 வெள்ளி கூடக் கொடுத்துவிட்டார்கள், திருப்பித் தரவா: தாருங்கள், அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். முதலாளி மெடிக்கல் லீவு போட்டுப் பொய் சொல்லச் சொல்கிறார்: எழுத்தில் கேளுங்கள், சொல்வதை நிறுத்திவிடுவார். அப்பாவின் உயில்: வக்கீல், நிஜ வக்கீல். கர்மவினை: கோயில் குருக்கள். பொய் சொல்லலாமா என்று இன்னும் ஆறு பேர்: மேலே போய்ப் படியுங்கள். ரயில், ஐந்தாவது முறை: இல்லை.

கடைசி மகள்: கேட்டேன் சார். 'பெரியவன்கிட்ட சொல்லச் சொல்லு, எனக்கு நாள் கணக்கு வேணாம். ஆனா மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கணும், இந்த மாசமே' என்றார்.

அப்படியானால் அவருக்கு வேண்டிய அளவு தெரிந்துவிட்டது. அண்ணன்களை விறகு சுமக்கச் சொல்லுங்கள்.

லோரி ஓட்டுகிறவர்: மெட்ரோலாக் கதையை முடிக்கவில்லையே சார். கிராணி நோட்டில் என்ன எழுதினார்?

அப்பாவிடம் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். "நான் எங்க அதைப் பார்த்தேன்? வரிசையில அடுத்தது நானு. என் வாளியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்பார்.