ரெடிஸ்: மீதி ரேம் இருந்தும் ஃபோர்க் தோல்வி

சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் சர்வரின் 16 ஜிபி ரேமில் ரெடிஸ் (தரவை ரேமிலேயே வைத்திருக்கும் தரவுத்தளம்) 10 ஜிபி பிடித்திருக்க, மீதி இருந்தும் தரவை வட்டில் எழுதும் பின்னணிச் சேமிப்பு ஃபோர்க்கிலேயே (ரெடிஸ் தன்னைப் போலவே ஒரு சேய் ப்ராசஸை உருவாக்கும் படி) நின்றுவிடுகிறது என்கிறீர்கள். ரேம் வாங்காதீர்கள். சேய் ப்ராசஸ் அதே நினைவகப் பக்கங்களைத்தான் (ரேமின் சிறு துண்டுகளை) பகிர்ந்துகொள்ளும், மாற்றம் வரும் பக்கம் மட்டுமே நகலாகும். ஆனால் ஓவர்கமிட் மெமரி (இருப்பதைவிட அதிக நினைவகம் தர ஒப்புக்கொள்ளலாமா என்று சொல்லும் அமைப்பு) 0 என்றிருந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னொரு 10 ஜிபி வேண்டுமே என்று கணக்குப் போட்டு மறுத்துவிடலாம். கெர்னல் அமைப்புகள் இருக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் அதை 1 ஆக்குங்கள்.

அப்புறம் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜை (நினைவகத்தைப் பெரிய பக்கங்களாகத் தரும் லினக்ஸ் வசதி) 'நெவர்' என்று மாற்றி ரெடிஸை மறுபடி தொடங்குங்கள், இல்லையென்றால் சேமிப்பு ஓடும்போது ஒரு சின்ன கீயை (தரவுப் பதிவை) மாற்றினாலும் 4 கேபிக்குப் பதில் 2 எம்பி நகலாகும், தாமதம் எகிறும். மேக்ஸ்மெமரி வரம்பை (ரெடிஸ் தரவுக்கான ரேம் அளவு) மட்டும் 10 ஜிபிக்கு மேல் ஏற்றிவிடாதீர்கள், தரவு அதிகமாக எழுதப்படும் நேரத்தில் நகலான பக்கங்களுக்கு நிஜமாகவே இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் கெர்னல் ரெடிஸையே கொன்றுவிடலாம்.