எல்இடி எரியவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாகம்), ஒரு சிவப்பு எல்இடி. படத்தில் இருந்தபடியே ப்ரெட்போர்டில் (பாகங்களைச் சொருகிப் பார்க்கும் துளைப் பலகை) சொருகினேன். எரியவே இல்லை. மூன்று எல்இடி மாற்றிப் பார்த்துவிட்டேன். என்ன தவறு?

பதில்: நான்காவது எல்இடியைத் தேடாதீர்கள், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து மூன்று இடங்களில் அளந்தால் போதும். முதலில் பேட்டரி. அடுத்து எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே. கடைசியாக ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே. எல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியில் 9, எல்இடியில் சுமார் 2, ரெசிஸ்டரில் மிச்சம் 7 காட்டும். அந்த 7-ஐ 470-ஆல் வகுத்தால் சுமார் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லி ஆம்பியர். சிவப்பு எல்இடி பளிச்சென்று எரிய அது தாராளம்.

இப்போது மீட்டர் வேறு எண் காட்டினால் அதுவே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். எல்இடியில் முழு 9 வோல்ட்டும் நின்று ரெசிஸ்டரில் 0 என்றால், எல்இடி தலைகீழாக இருக்கிறது அல்லது பழுதாகிவிட்டது. நீளமான கால்தான் பாசிட்டிவ். எல்இடியில் 0, ரெசிஸ்டரில் 9 என்றால், எல்இடியின் இரண்டு கால்களையும் ஒரே வரிசையில் சொருகியிருப்பீர்கள். ப்ரெட்போர்டில் ஒரு வரிசையின் ஐந்து துளைகளும் உள்ளே ஒரே உலோகப் பட்டையில் இணைந்தவை. இரண்டிலுமே 0 என்றால் மின்சாரம் அங்கே வந்து சேரவே இல்லை.

கடைசியாகச் சொன்னது எனக்கே நேர்ந்தது. கற்றுக்கொண்டிருந்த நாட்களில் இரண்டு மாலைப் பொழுதுகள் அதில் போயின. சில நீளமான ப்ரெட்போர்டுகளில் ஓரத்து சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருக்கும். பாதிக்கு அப்பால் மின்சாரம் போகாது. கண்ணுக்கு அது தெரியவில்லை, மீட்டரை வைத்ததும் தெரிந்தது.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. எலக்ட்ரானிக்ஸ் வருமா?

பதில்: வரும். மேலே செய்த வகுத்தல்தான் ஓம் விதி. தொடங்குவதற்கு அதுவே போதும்.

கேள்வி: நேராக ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டு) தொடங்கலாமா, இல்லை பாகங்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: ஆர்டுயினோவில் தொடங்கியவர்களும் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாரத்தை 555 ஐசியோடு (நேரக் கணக்கில் மினுக்க வைக்கும் எட்டுக் கால் சில்லு) கழியுங்கள் என்பேன். ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற பொறியாளர் 1971-இல் வடிவமைத்தது. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. ஆர்டுயினோவில் விளக்கு மினுக்கினால் நான்கு வரி நிரல் மினுக்குகிறது. 555-இல் ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) நிரம்பிக் காலியாவதால் மினுக்குகிறது, அதை மீட்டர் வைத்தே பார்க்கலாம்.

செய்து பாருங்கள். 8-ஆம் காலும் 4-ஆம் காலும் பாசிட்டிவுக்கு, 1-ஆம் கால் நெகட்டிவுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் இணைத்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (கோடு போட்ட பக்கம் நெகட்டிவ்). 3-ஆம் காலில் 470 ஓம் வழியாக எல்இடி. நொடிக்கு ஒருமுறை மினுக்கும். இப்போது அந்தக் கெப்பாசிட்டரை மட்டும் எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். ஒரு மினுக்கலுக்குப் பத்து நொடி அளவில் ஆகும். 2-ஆம் காலில் மீட்டரை வைத்தால், 9 வோல்ட் பேட்டரியில் எண் 3-இலிருந்து 6 வரை மெதுவாக ஏறி, மறுபடி 3-க்கு இறங்குவது தெரியும். ஒரு பாகம் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த அந்த நிமிடம் மனதை விட்டுப் போகாது. அப்புறம் ஆர்டுயினோவுக்குப் போங்கள், பாதி குழப்பம் இருக்காது.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின்னில் (pin, கம்பி இணைக்கும் முனை) சின்ன மோட்டாரை இணைத்தேன். சுற்றப் பார்க்கிறது, உடனே போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது.

பதில்: உடனே கழற்றிவிடுங்கள். ஊனோ ஆர்3 போர்டின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கக் கூடாது. சின்ன மோட்டார்கூடக் கிளம்பும்போது சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். பின்னிலிருந்து 470 ஓம் வழியாக 2என்2222 போன்ற டிரான்சிஸ்டரின் (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் பாகம்; பேஸ், கலெக்டர், எமிட்டர் அதன் மூன்று கால்கள்) பேஸுக்குக் கொடுத்து, மோட்டாரைக் கலெக்டர் பக்கம் வையுங்கள். எமிட்டர் நெகட்டிவுக்கு. மோட்டாருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மோட்டார் நிற்கும்போது எதிர்த்துக் கிளம்பும் மின்னழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள். அந்த பேட்டரி, ஆர்டுயினோ இரண்டின் நெகட்டிவையும் இணைக்க மறக்காதீர்கள். அந்தச் செவ்வக 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்கு ஆகாது. நான்கு ஏஏ பேட்டரி சேர்த்து 6 வோல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சால்டரிங் செய்தால் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கிறது, ஒட்டுவதில்லை.

பதில்: ஈயத்தைச் சால்டரிங் அயர்னின் முனையில் உருக்கி எடுத்துப்போய்த் தடவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் அதிலுள்ள ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பொருள்) வழியிலேயே புகைந்துவிடும். அயர்ன் முனை பாகத்தின் காலையும் போர்டின் செம்பு வட்டத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். இரண்டு நொடி சூடாகட்டும். பிறகு ஈயக்கம்பியை எதிர்ப்பக்கமிருந்து அந்தக் காலில் வையுங்கள், முனையில் அல்ல. தானாக வழிந்து காலைச் சுற்றிச் சின்ன மலை போல ஏறும். முதலில் கம்பியை எடுங்கள், அப்புறம் அயர்னை. ஆறும்வரை காலை அசைக்கக் கூடாது. முனை கறுத்திருந்தால் சூடு இறங்காது. ஈரப் பஞ்சில் துடைத்து, கொஞ்சம் ஈயம் பூசிவிட்டுத் தொடங்குங்கள். காரீயம் கலந்த கம்பியென்றால் முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: பழைய மொபைல் சார்ஜரைத் திறந்து பாகங்களை எடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 230 வோல்ட்டில் ஓடும் சார்ஜரின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பாகம் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடிய பழைய பொம்மை, ரிமோட் ஆகியவற்றைப் பிரியுங்கள். எல்இடி, சுவிட்ச், மோட்டார் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.