அந்தத் தடிப்பு அழுத்தினால் மறைகிறதா?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று வாரங்களுக்கு முன் கோவிட் காய்ச்சல் வந்து ஐந்து நாளில் விட்டது. நான்காம் நாளிலிருந்து கை, வயிறு, தொடையில் தடிப்புகள் வந்து வந்து மறைகின்றன. இரவில் அரிப்பு தாங்க முடியவில்லை. மருந்துக்கடையில் மாத்திரையும் களிம்பும் வாங்கிப் பயன்படுத்தினேன். மாமியார் அம்மை என்கிறார். கோவிட் தடிப்பு என்றால் உள்ளே ரத்தம் உறைகிறது என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் மகனுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? முடியும் கொட்டுகிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில் ரத்தம் உறைவதைக் காட்டுவது ஒன்றுகூட இல்லை. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

‘வந்து வந்து மறைகின்றன’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இது காணாக்கடி. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தோலில் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டுகிறது. அதனால் சிறு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் வீங்குகிறது. சில மணி நேரத்தில் அந்த நீர் உறிஞ்சப்பட்டுத் தடிப்பு அமுங்கிவிடும். அடுத்தது வேறோர் இடத்தில் கிளம்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கோட்டுக்குள் எதுவும் இல்லையென்றால் காணாக்கடிதான். அதே தடிப்பு ஒரு நாளைத் தாண்டியும் அங்கேயே நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாகி, போகும்போது கன்றிய கறையை விட்டுப்போனால் மட்டும் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

நீங்கள் இணையத்தில் படித்தது முழுப் பொய்யல்ல. ஆனால் அது உங்களைப் பற்றியதல்ல. 2020-இல் ஸ்பெயின் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 375 நோயாளிகளின் தோலை ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சாதாரணச் சிவப்புத் திட்டுகள், 19 சதவீதத்தினருக்கு உங்களுக்கு வந்திருப்பது போன்ற காணாக்கடி, இன்னொரு 19 சதவீதத்தினருக்குக் கால்விரல் வீங்கிச் சிவப்பது, 9 சதவீதத்தினருக்கு நீர்க் கொப்புளம். ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் கறுப்பது 6 சதவீதத்தினருக்குத்தான். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், நோய் முற்றியவர்கள். இந்தக் கடைசி வகையின் படத்தைத்தான் எல்லோரும் பரப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் விட்டு நடமாடிக்கொண்டிருப்பவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. அதை மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்தத் திட்டின்மேல் நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். காணாக்கடியோ சாதாரணத் தடிப்போ என்றால் சிவப்பு மங்கி மறையும், ஏனென்றால் ரத்தம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, அழுத்தினால் விலகிவிடும். அழுத்தியும் மறையாமல் ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ நின்றால், ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்துவிட்டது என்று பொருள். நம்மில் பலருக்குத் தோல் கறுப்பு. கையிலும் முதுகிலும் இந்த நிறமாற்றம் சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், மேல் அண்ணம், கீழிமையின் உட்பக்கம் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்படி மறையாத புள்ளிகளோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கோவிடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர் மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே வருகிறது. கோவிட் என்று முடிவு கட்டிவிட்டால் அதைத் தவறவிடுவோம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். தட்டணுக்களின் எண்ணிக்கை தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும், காலில் ஊதா நிறம் வலைபோலப் படர்ந்து வலித்தால் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தடிப்பைவிட எனக்குக் கவலை தருவது அந்த மருந்துக்கடை மாத்திரைதான். பெயர்கூட எழுதவில்லை. கோவிட் என்று சொன்னவுடன் அசித்ரோமைசினைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் மருந்து ஒவ்வாமைத் தடிப்பை அதுவே கொண்டுவர முடியும். அப்புறம் கோவிடா, மாத்திரையா என்று பிரித்துப் பார்ப்பது எங்களுக்கே சிரமம். இதுவரை விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும், தொடங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். வாயில் புண், கண்ணில் சிவப்பு, தோலில் எரிச்சலோடு கொப்புளம் அல்லது உரிதல் ஆகியவை மாத்திரைக்குப் பிறகு தென்பட்டால், அதை உடனே நிறுத்திவிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

களிம்பையும் நிறுத்துங்கள். கடையில் ‘அரிப்புக்கு’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூப். ஓரிடத்தில் நிற்காத தடிப்புக்கு அதைப் பூசி என்ன பயன்? தோல் மெலியும், படர்தாமரை இருந்தால் ஸ்டீராய்டின் கீழ் உருமாறிப் பரவும். இந்தக் களிம்புகளால் கெட்டுப்போன தொடையிடுக்குகளைத் தினமும் பார்க்கும் எந்தத் தோல் மருத்துவருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது எளிது. செட்டிரிசின் 10 மி.கி. இரவில் ஒன்று, இரண்டு வாரம் விடாமல். அரிக்கும்போது மட்டும் போட்டால் பலன் பாதிதான். தூக்கம் வரலாம், மறுநாள் காலை வண்டி ஓட்டும்போது கவனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அளவைக் கூட்ட வேண்டுமானால் மருத்துவர் கூட்டட்டும். வெந்நீர்க் குளியல், இறுக்கமான உடை, இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை காணாக்கடியைக் கிளறிவிடும். அரிக்கும் இடத்தில் ஈரத்துணி, கலமைன் லோஷன் போதும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், 108-ஐ அழையுங்கள்.

இது அம்மையல்ல, அம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும், ஒரே நாளில் மறையாது. தாராளமாகக் குளியுங்கள். கத்தரிக்காய், கருவாடு பத்தியமும் வேண்டாம். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் தடித்தால் மட்டும் அந்தப் பொருளை விலக்குங்கள். முடி கொட்டுவது எந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பின்னும் நடப்பதுதான், சில மாதங்களில் தானாக நின்று வளரும்.

தடிப்பு தொட்டு ஒட்டாது, மகனைத் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கும் கோவிட் வந்திருந்தால், அதன்பின் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல் அடித்து, தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி, வாந்தி என்று சேர்ந்துவந்தால் காலம் கடத்தாதீர்கள். அபூர்வமானதுதான், ஆனால் இதயத்தைப் பாதிக்கக்கூடியது. குழந்தை மருத்துவரிடம் கோவிட் வந்த தேதியைச் சொல்லுங்கள்.

உங்கள் தடிப்பு ஆறு வாரத்தைத் தாண்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த மாத்திரைப் பட்டியலையும் களிம்பு ட்யூபையும் எடுத்துச் செல்லுங்கள்.