சர்வீஸுக்குப் பிறகு லைட்டின் லென்ஸுக்குள் ஆவி படிகிறதா?

கேஸ்கெட் (மூடி ஓரத்தில் ஈரம் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை) புதிதாக மாற்றியும், லைட்டை மூடிய இரண்டாம் நாளே லென்ஸின் உள்பக்கம் ஆவி படிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பின்பக்கம் சின்னப் பொத்தான் மாதிரி இருக்கும் வென்ட்டை, அதாவது காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அதிலுள்ள சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. அது அழுக்கிலோ பெயின்டிலோ அடைபட்டால், லைட் அணைந்து குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, கேபிள் கிளாண்டு (வயர் உள்ளே நுழையும் இடத்து அடைப்பு) வழியாகவும் கேஸ்கெட் ஓரமாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டை என்று நினைத்து நானே ஒரு முறை அந்த வென்ட்டை சிலிக்கான் வைத்து அடைத்தேன். ஒரே மழையில் உள்ளே குளம்!

வென்ட் சரியாக இருந்தால், ஈரக்காற்றை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம். மழை நாளில் வெளியில் வைத்துப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த லைட்டை அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு மேலேயே வியர்க்கும். அறை வெப்பத்துக்கு வரட்டும். தூசி தட்ட கம்ப்ரசர் காற்று அடித்தீர்களா? வடிகட்டி இல்லாவிட்டால் அதிலேயே தண்ணீர்த் துளிகள் வரும், துணியில் அடித்துப் பார்த்தால் தெரியும்.

அப்புறம், ஸ்க்ரூக்களை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கெட் பள்ளத்தில் ஒரு முடி கிடந்தாலும் கசியும்.