ஃபில்டர் மாற்றியபின் ஐடில் ஏறி இறங்குவது, பி0171 கோட்

எம்ஏஎஃப் சென்சாரை (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்; இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏர் ஃபில்டர் மாற்றிய அன்றே ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி, காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171 கோடும் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் சென்சாரைத் தாண்டி எங்கோ அளக்காத காற்று உள்ளே போகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

பெரும்பாலும் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் ஹோஸ்தான். ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது அதை இழுத்து வளைத்திருப்பீர்கள். மேலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். கழற்றி, மடிப்புகளை விரலால் விரித்து, அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய விரிசல் போதும். கிளாம்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சின்ன வேக்குவம் குழாய் ஏதாவது கழன்று தொங்குகிறதா?

ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். ஐடிலில் +20 சதவீதம் போல இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவுதான். வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் அழுக்கான சென்சார், இல்லையென்றால் குறைந்த ஃப்யூயல் பிரஷர்.

தயவுசெய்து சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடாதீர்கள், தீப்பிடிக்கும். அப்புறம், சென்சார் கம்பியைத் துணியால் துடைக்கவே கூடாது. எம்ஏஎஃப் கிளீனர் மட்டும் அடித்து, தானாகக் காய விடுங்கள்.